தறி நின்றால் மேட்ச்

நம் கால்பந்து கிளப்பின் பொன்விழா பேனருக்காக வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்ட அந்தப் பழைய டீம் போட்டோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆளுக்கொரு இதயமும் அழுகிற முகமும் போட்டுவிட்டு, அப்பா எங்கே, சித்தப்பா எங்கே என்று தேடியிருப்பீர்கள். முன்வரிசையில் பந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் செகரட்டரி மாமா. பின்வரிசையில், அப்போதுதான் கோல் வாங்கியவர் போன்ற முகத்தோடு நிற்கிறார் என் அப்பா, நம் கோல்கீப்பர். வலது ஓரத்தில், எல்லோரும் வெறுங்காலோடு நிற்க, ஒருவர் மட்டும் பூட்ஸோடு நிற்கிறார். மற்றவர்களைவிட ஒரு தலை உயரம், வாய் நிறையச் சிரிப்பு. நம் ஃபாரின் அண்ணன்.

படத்தின் கீழே நம்மில் ஒருவர் எழுதியிருந்தார்: "ஓரத்துல நிக்கற துரோகிய மட்டும் கட் பண்ணிடுங்கப்பா. ஓரத்துலதான இருக்கான், ஈசியா போயிடும்." அதற்கு நீங்களெல்லாம் கட்டைவிரல் தூக்கியிருந்தீர்கள். நானும் தூக்கத்தான் போனேன். அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்தது, எழுந்து போய்விட்டேன். அடுத்த ஞாயிறு செகரட்டரி அத்தையைப் பார்க்கப் போனேன். போய் வந்ததிலிருந்து மனசு ஆறவில்லை. முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் குட்மார்னிங் படம் போடாமல் படியுங்கள்.

சந்தேகம் என்பது நம் ஊரில் கெட்ட குணம் இல்லை, தொழில். சரிகை வாங்கினால் நகத்தால் கீறி, உள்ளே சிவப்புப் பட்டு தெரிகிறதா என்று பார்ப்போம். பட்டு வாங்கினால் ஓர் இழையைக் கொளுத்தி முகர்ந்து பார்ப்போம். மாப்பிள்ளை நல்லவர் என்று யாராவது சொன்னால், சொன்னவர் எப்படிப்பட்டவர் என்று நாலு வீட்டில் விசாரிப்போம். என் அம்மா கோயில் பிரசாதத்தைக்கூட முகர்ந்துவிட்டுத்தான் வாயில் போடுவாள். நான் அவள் வயிற்றில் பிறந்தவள். கறிகாய்க்காரர் தராசை மட்டுமல்ல, அவர் சிரிப்பையும் பார்ப்பேன். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் நாம் அந்த ஒரு சீசன் முழுவதும் ஃபாரின் அண்ணனைப் பார்த்தோம்.

அவரை நம் தெருவுக்குக் கூட்டி வந்தது செகரட்டரி மாமா. எங்களுக்கு எதிர்வீடு. ரத்த சொந்தம் இல்லை, ஆனால் தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் மாமா, அவர் மனைவி அத்தை. வீட்டில் ஒரே தறி. மாமா நெய்வார், அத்தை பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவார். அந்தக் காலத்தில் நம் ஊர்க் கல்லூரிக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் சிலர் படிக்க வருவார்கள். ஒரு மாலை மாமா சைக்கிளில் கல்லூரி மைதானத்து ஓரமாக வந்தபோது, ஒருவர் தனியாகச் சுவரில் பந்தை அடித்து அடித்துத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தாராம். பந்து ஒரு தடவைகூட அவரை விட்டு விலகவில்லையாம். மாமா இருட்டும் வரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் அவரையும் அவருடைய தகரப் பெட்டியையும் தெருவுக்குக் கொண்டு வந்துவிட்டார்.

"கென்யாக்காரரு. அந்த நாட்டு டீமுக்கே ஆடினவரு. இனிமே நம்ம கிளப்பு" என்றார் மாமா.

தெரு பாதி நம்பியது. தெருப் பெரியவர் முன்னால் வந்து கை கொடுத்தார். கொடுத்த கையை உடனே திருப்பி, ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். ஃபாரின் அண்ணன் அதைக் கவனித்தார். கவனித்துவிட்டு, தன் உள்ளங்கையையும் அதேபோல் திருப்பி வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துக்கொண்டார். நாம் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தோம். பெரியவர் சிரிக்கவில்லை.

வாடகைக்கு யாரும் வீடு தரமாட்டார்கள் என்று தெரிந்து, மாமா தன் வீட்டு மாடி அறையைக் கொடுத்தார். அத்தைக்கு அது பிடிக்கவில்லை. முதல் நாள் அவருக்கென்று ஓர் அலுமினியத் தட்டைத் தனியாக எடுத்து வைத்தார். ஒருநாள் கேழ்வரகுக் களி கிண்டி, கருவாட்டுக் குழம்போடு மாடிக்குக் கொடுத்தனுப்பினார். ஃபாரின் அண்ணன் ஒரு வாய் கிள்ளி உருட்டி வாயில் வைத்தவர், தட்டோடு இறங்கி அடுப்படி வாசலுக்கே வந்துவிட்டார். ஏதேதோ இங்கிலீஷில் சொன்னார். அத்தைக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அவர் அம்மாவும் இதே மாதிரிதான் கிண்டுவாராம். அன்றோடு அலுமினியத் தட்டு பரணுக்குப் போனது. "மாடியில எனக்கு ஒரு புள்ள இருக்குது" என்று அத்தை கடைக்காரரிடம் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் கிளப்பில் மேட்ச் எல்லாம் அமாவாசையன்றுதான். வேறு நாளில் வைத்தால் ஆட யார் வருவார்கள்? அமாவாசையன்று நம் தெருவில் தறி ஓடாது, தறிக்குழியில் யாரும் கால் வைப்பதில்லை. தலை முழுகி, படையல் போட்டு, சாப்பிட்டுவிட்டு, தறி ஓட்டுகிற அதே காலோடு மைதானத்துக்குப் போவார்கள். எந்தத் தேதி என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை. அமாவாசை என்றைக்கு என்று ஒரு மனிதனுக்குத் தெரியாமல் இருக்கும் என்பதே நம் ஆட்களுக்குத் தெரியாது.

முதல் மாதம் ஃபாரின் அண்ணன் பூட்ஸைப் போட்டுக்கொண்டு சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை மைதானத்துக்குப் போய், மேய்கிற ஆடுகளோடு நின்றுவிட்டு வந்தார். அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் அறைக்கு நேர் கீழே மாமாவின் தறி. விடிவதற்கு முன்பே அது அடிக்க ஆரம்பித்துவிடும், மாடித் தரை அதிரும். அது அதிராத நாள் மேட்ச் நாள். இதை நமக்கு அவர் எப்படி விளக்கினார் என்று ஞாபகம் இருக்கிறதா? விரல்களை மடக்கிச் சுவரில் தட்டுவார்: "டக் டக். டக் டக். நோ மேட்ச்!" பிறகு கையை எடுத்துவிட்டு, கண்ணை அகலத் திறந்து, காதைச் சுவரில் வைப்பார். "நோ டக் டக்... மேட்ச்!" உடனே நாம் எல்லோரும் தெருவில் ஓடுவோம். பள்ளிக்கூடத்தில்கூட அதை விளையாடினோம். வாத்தியார் மேசையைத் தட்டினால் நோ மேட்ச் என்று நாம் கிசுகிசுத்து அடி வாங்கினோம்.

அந்தக் கணக்கு ஒருமுறை தப்பியது. தெருக்கோடி வீட்டில் ஒரு தாத்தா செத்துப்போனார். சாவு விழுந்தால் தெருவே தறியை நிறுத்தும். ஃபாரின் அண்ணன் சத்தம் இல்லாத தெருவைக் கேட்டு எழுந்து, காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, படியில் தடதடவென்று இறங்கி வந்தார். எதிரே பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். பாவம், பூட்ஸை அவிழ்த்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, கடைசி வரை வெறுங்காலோடு நின்றார். சுடுகாடு வரை பின்னால் நடந்தார். அதைப் பார்த்தும் தெருப் பெரியவர், "எழவுக்கு வர்ற வேஷமாய்யா இது?" என்றார்.

அவர் ஆட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாம் மைதானத்து மதில் மேல் வரிசையாக உட்கார்ந்திருப்போம். புழுதி மூக்கில் ஏறும். வெயிலில் சூடேறிய செங்கல் பாவாடையைத் தாண்டிச் சுடும். பந்து அவர் காலுக்கு வந்ததும் அவர் அவசரப்பட மாட்டார். அதன் மேல் ஒரு காலை வைத்து நின்று, எதிராளியைப் பார்த்து, "வா" என்பார். அத்தை சொல்லிக்கொடுத்த முதல் தமிழ் வார்த்தை அது, சாப்பிடக் கூப்பிட. எதிராளி வருவார். வந்தவர் எங்கே போனார் என்று அவருக்கே தெரியாது. திருப்புட்குழி ஆட்களைத் தோற்கடித்தோம். முசரவாக்கத்தில் போய் ஜெயித்துவிட்டு வந்தோம். மாமா அவரைத் தோளில் தூக்க முயன்று கீழே விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார்.

ஜெயிக்க ஜெயிக்க நம் பெரியவர்களுக்குத் தூக்கம் போனது. என் அப்பா சாப்பிடும்போது சொல்வார், "இவ்ளோ நல்லா ஆடறவன் நம்ம டீமுக்கு இன்னாத்துக்கு வரணும்? யோசிச்சியா?" அம்மா யோசித்தாள். தெருவே யோசித்தது. தோற்றுக்கொண்டிருந்தபோது நாம் இவ்வளவு யோசித்ததே இல்லை.

ஃபைனல் சின்ன காஞ்சிபுரத்து டீமோடு என்று முடிவானதும் யோசனை முற்றியது. அவர்களுக்கு ஜெர்சி உண்டு, காலுறை உண்டு, பாதி நேரத்தில் குளூக்கோஸ் உண்டு. வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள், கோயில்காரர் வீட்டுப் பிள்ளைகள். நம் ஆட்களுக்குப் பனியன், தண்ணீர்க் குடம். ஒருநாள் டீக்கடை பாய் மாமாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சொல்லக் கூடாது. உங்க ஃபாரின்காரரும் அந்த டீம் கேப்டனும் நம்ம கடையிலதான் டீ சாப்ட்டாங்க. ரொம்ப நேரம் சிரிச்சிக்கினு இருந்தாங்க." சொல்லக் கூடாததை அவர் அன்று கடைக்கு வந்த எல்லோரிடமும் சொன்னார். அந்த வாரமே ஃபாரின் அண்ணன் கையில் ஒரு புதுக் கைக்கடிகாரம் மின்னியது. எங்கிருந்து வந்தது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும், பதில் வந்தால் சந்தேகப்பட முடியாது. நேர்மையாகச் சொல்கிறேன், அந்தக் கடிகாரத்தின் கதை எனக்கு இன்றுவரை தெரியாது.

மாமா ஒருவர்தான் அசையவில்லை. "அவன் என் புள்ளப்பா. எவன் இன்னா சொன்னாலும் ஃபைனல்ல அவன் ஆடுவான்" என்றார். மாமாவுக்கும் அப்போது நெருக்கடிதான். சீசன் முழுக்கப் பயிற்சி, மேட்ச், ஊர்வலம் என்று திரிந்ததில் தறியில் சேலை பாதியில் கிடந்தது. தை மாசம், கல்யாண ஆர்டர். பட்டணத்துக் கடையிலிருந்து ஆள் வந்து வாசலில் நின்று கத்திவிட்டுப் போனதை எங்கள் வீட்டுச் சன்னல் வழியாகப் பார்த்தேன்.

ஃபைனல் தை அமாவாசை அன்று. அமாவாசையிலேயே பெரிய அமாவாசை. அதிகாலையிலேயே சனம் சர்வதீர்த்தக் குளத்துக்குப் போய் முழுகிவிட்டு ஈரத்துணியோடு திரும்பிக்கொண்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது.

மத்தியானம் மதில் மேல் நாம் எல்லோரும் ஏறிவிட்டோம். அப்பா கோலுக்குள் நின்று விரல்களை நீவிக்கொண்டிருந்தார். முந்தின மேட்சில் அவர் சுண்டு விரல் பிசகி, கட்டு போட்டு, பல நாள் தறியில் உட்கார முடியாமல், அம்மாவிடம் தினம் திட்டு வாங்கியவர். மாமா தாமதமாகத்தான் வந்தார். நெற்றி நிறைய விபூதி, முகம் வாடியிருந்தது. விரதம் என்று நினைத்தோம்.

"எங்க அவன்?" என்றார் அப்பா.

"வந்துடுவான். எப்பவும் விசிலுக்குத்தான வருவான்" என்றார் மாமா.

விசில் அடித்தது. அவர் வரவில்லை. சைக்கிளில் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மாடி அறை பூட்டியிருக்கிறது என்றார். டீக்கடை பாய், காலையிலேயே அவர் பட்டணம் போகிற பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததாகச் சொல்லியனுப்பினாராம். மதில் மேலே நமக்கு அழுகை வந்தது. கீழே பெரியவர்களுக்கு ஒருவகையில் நிம்மதி வந்தது. இத்தனை நாள் சந்தேகப்பட்டது வீண்போகவில்லை அல்லவா. இரண்டு கோல் வாங்கினோம். இரண்டாவது கோல் அப்பாவின் காலுக்கு நடுவில் போனது. அதை அவர் சாகும் வரை வேறு யார் மீதும் போட முடியாமல் ஃபாரின் அண்ணன் மீதே போட்டார்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம். மாமா வீட்டு வாசலில் டீம் முழுக்க நின்றது, தெரு முழுக்க நின்றது, நாமும் கால்களுக்கு நடுவில் நின்றோம். ஃபாரின் அண்ணன் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்தார். கையில் ஒரு பழுப்புக் காகிதப் பொட்டலம். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தார்போல, முதலில் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கப் போனார்.

"மேட்ச் முடிஞ்சி போச்சுடா, மகராசா!" என்று யாரோ கத்தினார்கள்.

அவருக்குப் புரியவில்லை. "மேட்ச்? டுடே?" என்றார். பிறகு அப்பாவைத் தேடிக் கண்டுபிடித்து, பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். கோல்கீப்பர் போடுகிற கையுறை, புதுசு, தோல் வாசனை எனக்கு நின்ற இடத்திலேயே அடித்தது. ஃபைனலுக்கு என்று சொன்னார். அப்பா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எதிர்டீமு குடுத்த காசுல நம்மளுக்கே வாங்கிக்கினு வந்திருக்கான்" என்றார் தெருப் பெரியவர்.

ஃபாரின் அண்ணன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு நமக்கெல்லாம் தெரிந்த அதே மாதிரி, விரல்களை மடக்கி மாமா வீட்டுச் சுவரில் தட்டினார். "மார்னிங்... டக் டக். டக் டக். நோ மேட்ச்." கீழே தறி இருந்த அறையைக் கை காட்டினார். மறுபடியும் தட்டினார். "டக் டக்!"

கூட்டம் மாமாவைப் பார்த்தது. மாமா வாசற்படியில் நின்றார்.

"இன்னைக்குத் தை அமாவாசை. எவன்டா தறிக்குழியில கால் வைப்பான்?" என்றார் மாமா.

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்!" என்று தெருப் பெரியவர் கையைத் தட்டிச் சிரித்தார். அவ்வளவுதான், தெருவே சிரித்தது. அவர் குற்றம் அத்தோடு ருசுவானது. கடிகாரத்துக்கும் டீக்கும் பதில் சொல்லியிருந்தால்கூட ஒருவேளை யோசித்திருப்பார்கள். தை அமாவாசையன்று தறி ஓடியது என்று சொன்னவனை நம் தெருவில் எவர் நம்புவார்? பிள்ளைகள் நாமே நம்பவில்லை. எனக்கு அவர் மீது அப்போது வந்த கோபம், இத்தனை நாள் சொல்லிக்கொடுத்த விளையாட்டையே பொய்க்கு எடுத்துவிட்டாரே என்பதுதான்.

ஃபாரின் அண்ணன் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரிலிருந்து கையை எடுத்தார். அதற்கு மேல் அவர் தட்டவே இல்லை. பெட்டியை எடுக்க மாடிப்படிக்குப் போனார். படியோரமாக அத்தை நின்றிருந்தார். கடந்து போகும்போது அத்தையின் தோளில் கை வைத்தார். நாம் எல்லோரும் பார்த்தோம். கையை எடுத்து, அத்தையின் கையைப் பிடித்து மூடினார்.

"பொம்பள மேல கை வைக்கிறான்யா!" என்று ஒரு குரல் எழுந்தது. யாரோ அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்கள். அவர் திரும்பி அடிக்கவில்லை. பெட்டியோடு இறங்கி, பூட்ஸைக் கயிற்றால் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, வெறுங்காலோடு தெருவைக் கடந்து போனார். எந்த ஊருக்குப் போனார், படிப்பை முடித்தாரா, ஒன்றும் தெரியாது. கையுறைப் பொட்டலம் படியிலேயே கிடந்தது. விடிந்து பார்த்தால் அதுவும் இல்லை. எடுத்தவர் யார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அவர் இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும்.

மாமா அதன் பிறகு மைதானத்துப் பக்கம் போகவில்லை. துரோகத்தைத் தாங்க முடியாத மனசு என்று தெரு சொன்னது. ஒவ்வோர் அமாவாசையும் விடிவதற்கு முன்பே எழுந்து, தறி இருந்த அறைக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். போகிறவர் வருகிறவர் எல்லோரும் உள்ளே பார்க்கலாம். பொழுது சாயும் வரை எழுந்திருக்க மாட்டார். "அமாவாசைன்னா அவரு மாதிரி பாக்கணும்" என்று அம்மா எங்களுக்கு உதாரணம் காட்டுவாள். எல்லாவற்றையும் முகர்ந்து பார்க்கிற என் அம்மாவுக்கு அது மட்டும் மணக்கவில்லை. எனக்கும்தான்.

ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் என் போனைக் கொடுத்தேன். கண் ஆபரேஷன் ஆகிவிட்டது, நன்றாகத் தெரிகிறது. படத்தை விரலால் பெரிதாக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். மாமா முகத்துக்குப் போவார் என்று நினைத்தேன். நேராக வலது ஓரத்துக்குப் போனார்.

"இந்தப் புள்ளைய வெட்டணும்ன்றாங்களாமே. உங்கூட்டுப் பையன் சொன்னான்."

"ஃபைனலுக்கு வராம ஏமாத்தினார்ல அத்தை."

அத்தை போனை மடியில் கவிழ்த்தார். "தறி ஓடுச்சுமா" என்றார்.

எனக்கு முதலில் ஏறவில்லை.

"அன்னைக்கு எங்கூட்ல தறி ஓடுச்சு. மறுநாள் காலைல சேலை பட்டணம் போயாவணும். பந்து பந்துன்னு சுத்திட்டு, கடேசில உங்க மாமா இன்னா பண்ணுவாரு? தெரு குளத்துக்குப் போன நேரமா பாத்துக் கதவ சாத்திக்கினு ஒக்காந்தோம். ஒவ்வொரு அடிக்கும் எனக்கு உசுரு போயிப் போயி வந்துச்சு. சனம் திரும்பி வந்துச்சின்னா நிறுத்துவோம், தெரு காலியானா ஓட்டுவோம். தெரிஞ்சா அடுத்த பாவு நீட்ட எங்களுக்கு எவன் வருவான்? தெரு கை குடுக்காம, தெரு நீளத்துக்கு நூல இழுத்து ஒத்த ஆளு பாவு நீட்ட முடியுமா?"

"மாடியில அவர் இருந்தாரே, அது நினைப்பில்லையா?"

"எங்க ரெண்டு பேருக்குமே தோணலமா. அவன் தறிச் சத்தத்த வச்சுதான் மேட்சுக்கு வர்றான்னு புள்ளைங்க உங்களுக்குத்தான் தெரியும். அவன் செவுத்துல தட்டினப்பதான் எனக்குப் புரிஞ்சுது. அவருக்கும் அப்பதான் புரிஞ்சுது. புரிஞ்சும் அந்த வார்த்தைய சொன்னாரு."

எனக்கே வெட்கமாக இருந்தாலும், என் புத்தி விடவில்லை. "அப்புறம் ஏன் அத்தை அவர் உங்க தோளைத் தொட்டார்?" என்று கேட்டுவிட்டேன்.

அத்தை தன் இடது தோளை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"சாயங்காலம் சேலைய அறுத்து மடிச்சுக்கினு இருந்தேன். சத்தம் கேட்டுது, அப்டியே எழுந்து வந்துட்டேன். தலைக்கு ஊத்திக்கினு துவைச்ச மஞ்சப் பொடவ கட்டியிருக்கேன். அதுமேல ஒரு அரக்குப் பட்டு இழை ஒட்டிக்கினு இருந்திருக்குது. நான் பாக்கல. தை அமாவாசைல என் தோள் மேல புதுப் பட்டு இழை. தெருவுல ஒருத்தி கண்ணுல பட்டாப் போதும். அந்தப் புள்ள பாத்துடுச்சு. அத்தன பேருக்கும் எடுத்துக் காட்டியிருக்கலாம்ல? எடுத்து என் உள்ளங்கையில வச்சு மூடிட்டுப் போச்சு. மூடற வரிக்கும் யாரும் அவன் விரல பாக்கல. எல்லாம் என் தோளையே பாத்துக்கினு இருந்தாங்க."

நானும் தோளைத்தான் பார்த்தேன். நீங்களும்தான். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதை நான் எல்லோரிடமும் சொல்லலாம் என்றார். "நான் சொன்னேன்னே சொல்லு. அவரு போயி சேந்துட்டாரு, எனக்கு இனிமே பாவு நீட்ட ஆள் வேணாம்." பிறகு போனை என்னிடம் நீட்டினார். "இதுல யார வேணும்னாலும் தேடலாமாமே. அந்தப் புள்ள உசுரோட இருக்குதான்னு பாத்து சொல்லு. ஒருதரம் பேசணும்."

தேடுகிற கட்டத்தைத் திறந்து விரலை வைத்தேன். "பேர் என்ன அத்தை?" என்றேன்.

அத்தை வாயைத் திறந்தார். திறந்தபடியே யோசித்தார். "அவரு தம்பின்னுவாரு... நான் கண்ணுன்னுவேன்..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. அப்பாவின் பழைய சிநேகிதர்கள் இருவருக்குப் போன் செய்தேன். அவர்களுக்கும் ஃபாரின்காரன்தான். இத்தனை சந்தேகம் பிடித்த தெருவில், அவரைப் பற்றி எதை எதையோ தோண்டித் துருவிய நாம், ஒருவர்கூட அதைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

பேனரில் யாரையும் வெட்டக் கூடாது. ஒவ்வொருவர் காலடியிலும் பெயர் போடப் போவதாகச் சொன்னார்கள். பேனர் அச்சுக்குப் போகும் முன் சொல்லுங்கள். உங்களில் யாருக்காவது அவர் பெயர் தெரியுமா?